நட்பு வாசலில் பறிகொடுத்த துண்டு

தம்பி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. மடிக்க வேண்டாம், மடித்தால் படம் பாதியாகிவிடும். ஆமாம், அந்தப் படம்தான். இரண்டு தலைவர்கள் கை குலுக்குகிறார்களே, பின்னால் இரண்டு சிவப்புக் கொடி. கண்ணாடி போடாமலே சொல்லிவிடுவேன். ஒன்று வியட்நாம், ஒன்று சீனா. கீழே என்ன போட்டிருக்கிறான்? 'நெருங்கிய உறவில் புதிய அத்தியாயம்.' ம்க்கும்.

இத்தனை கேமராவுக்கு முன்னால் வெறுங்கையாக நீட்டுகிற கையை நம்பாதீங்க. அது கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர் மாதிரி. வருகிறவன் போகிறவன் எல்லார் மேலேயும் விழும். நிஜமான கை துண்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு தேசத்துக்காரனுக்கும் துண்டுக்குள் கைகொடுக்கக் கற்றுக்கொடுத்தவன் யார் தெரியுமா? சிரிக்காதீங்க. உங்கள் பக்கத்து சீட்டில் வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறவன்தான். அதற்கு நன்றியாக என்ன செய்தார்கள் தெரியுமா? என் துண்டையும் பிடுங்கிக்கொண்டு என் பிழைப்பிலும் மண்ணைப் போட்டு அனுப்பினார்கள்.

நீங்க எதுவரை? சாத்தூரா. நான் விருதுநகரில் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். கடலை எடுத்துக்கோங்க.

என் பேர் பொன்னுராசு. விருதுநகர் பஜாரில் கேட்டுப் பாருங்க, 'எந்தப் பொன்னுராசு, அந்தக் கோபக்காரப் பொன்னுராசா?' என்பார்கள். அவன்தான் நான். இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறேன். இன்றைக்குப் போவது பத்திர ஆபீசுக்கு. ஒரு கிட்டங்கியில், அதாவது சரக்கு அடைக்கிற குடோனில், எனக்குப் பாதிப் பங்கு இருக்கிறது. அதை விற்றுத் தலைமுழுகப் போகிறேன். விற்க மனசா என்று கேட்காதீங்க. கேட்டால் கோபம் வரும். அந்தக் கதையும் இதற்குள்தான் இருக்கிறது, தானாக வரும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை விட மூட்டைக்கு அடியில் படித்தது அதிகம். பஜாரில் சுமை தூக்கினேன். கூடத் தூக்கினவன் சங்கரலிங்கம். இரண்டு பேரும் செங்கொடி யூனியன். நான் 'தோழர்' என்பேன், அவனும் 'தோழர்' என்பான். ஒரே டீயை ஆளுக்குப் பாதி குடிப்போம். 'உலகத் தொழிலாளர்களே' என்று அவன் ஆரம்பித்தால், 'ஒன்று சேருங்கள்' என்று நான் முடிப்பேன். அப்படிச் சேர்ந்த இரண்டு தொழிலாளர்களும் பிறகு முதலாளி ஆனோம். அதைப் பற்றிக் கட்சியில் கேட்டார்கள். சங்கரலிங்கம் பதில் சொன்னான்: "தோழர், மூட்டைக்குக் கீழ இருந்து பாத்தாச்சு. மூட்டைக்கு மேல உக்காந்து பாத்தா எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி பண்றோம்." நல்ல வாய் அவனுக்கு. அந்த வாய்தான் பிறகு கெடுத்தது.

மளிகைச் சரக்கு, வத்தல், மல்லி, ஏலக்காய் என்று கமிஷன் வியாபாரம். ஒரு கிட்டங்கியை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். பேரம் பேசுவது நான், கடையில் உட்கார்ந்து ஆளைச் சமாளிப்பது அவன். பேரத்துக்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. துண்டுப் பேரம் பார்த்திருக்கீங்களா? மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீங்க. கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, அதற்கு மேல் என்றால் விட்டுப் பிடிப்பது. நூறா ஆயிரமா என்பது பேசுகிற இரண்டு பேருக்கும் தெரியும். கட்டாது என்றால் உள்ளங்கையில் ஒரு சுரண்டல். வாய் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசும், கை தன் வேலையைப் பார்க்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் அதன் அழகு. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கோங்க, கடைசியில் வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் முதலாளி ஒருவர் என் பேரத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். "பொன்னுராசு, எனக்கு அன்னாசிப்பூ வாங்கித் தர்றியா?" என்றார். பிரியாணியில் போடுகிறோமே, நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அது. அது எங்கே விளைகிறது என்று நினைக்கிறீங்க? வியட்நாமுக்கும் சீனாவுக்கும் நடுவில் இருக்கிற மலையில். மரம் இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. மரத்துக்கு எல்லை தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும்.

அந்த எல்லையில் ஒரு வாசல். பேர் என்ன தெரியுமா? நட்பு வாசல். நான் முதலில் போன காலத்தில் அது பூட்டிக் கிடந்தது. நட்பு வாசல் என்று பேர் வைத்து அதைப் பூட்டி வைத்திருந்த அழகை நீங்க பார்த்திருக்க வேண்டும்.

எனக்குத் துபாஷி ஒருத்தர் கிடைத்தார். அந்துவான் என்று பேர். அப்பா பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சைகோனுக்குப் போய், அங்கேயே குடும்பம் ஆகிவிட்டார். அந்துவானுக்குத் தமிழ் வரும், வியட்நாம் மொழி வரும், சீனமும் சந்தைக்கு வேண்டிய அளவு வரும். அவர்தான் கதையைச் சொன்னார். "அண்ணே, இவங்க ரெண்டு பேரும் உதடும் பல்லும் மாதிரி இருந்தவங்க. உதடு போனா பல்லு குளிரும்னு அவங்களே சொல்லிக்கிட்டது. அமெரிக்காக்காரன் குண்டு போட்டப்ப சீனாக்காரன் வந்து ரயில் ரோடு போட்டுக் குடுத்தான், அரிசி குடுத்தான். தோழர், சகோதரர்னு கட்டிப் புடிச்சுக்குவாங்க. அப்புறம் எழுபத்தொம்பதுல அதே ரோட்டுல சண்டை."

நான் கேட்டேன்: "உதடும் பல்லும்னா, பல்லு உதட்ட கடிக்கத்தானே செய்யும்?"

அந்துவான் இதைப் போய் அவர்களிடம் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார், பாவி மனுஷன். நல்லவேளை, சிரித்தார்கள்.

அவர்கள் என்றால் யார்? அதைச் சொல்லவில்லையே. எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் ஒரு நூடுல்ஸ் கடை. வாசல் பூட்டியிருந்தாலும் மலைப் பாதை பூட்டியா இருக்கும்? இரண்டு பக்கத்து ஆளும் அந்தக் கடைக்கு வருவார்கள். ஆனால் பேச மாட்டார்கள். இந்த மூலையில் வியட்நாம்காரர் தாங். அந்த மூலையில் சீனாக்காரர் லியாவ். ஆளுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவர், ஆளுக்கு ஒரு மலையின் அன்னாசிப்பூ கைவசம். ஒருத்தருக்கு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். சமைக்கிறது ஒரே அடுப்பு, ஒரே சட்டி. கடைக்காரம்மா ஒரே கரண்டியில் இரண்டு பேருக்கும் ஊற்றுவாள். அதையெல்லாம் சாப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்துவான் காதோடு சொன்னார், இந்த லியாவ் அந்தக் காலத்தில் ரயில் ரோடு போட வந்த பட்டாளத்தில் இருந்தவராம். தாங்தான் அவருக்கு வழிகாட்டியாம். ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டவர்களாம். பிறகு சண்டையில் ஆளுக்கு ஒரு பக்கம்.

எனக்கு வேறென்ன வேண்டும் தம்பி? வியாபாரிக்கு இதை விட நல்ல சகுனம் உண்டா? சரக்கு ஒன்று, விற்கிறவன் இரண்டு பேர், இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்! தோளிலிருந்து துண்டை எடுத்தேன். நல்ல ஈரிழைத் துண்டு, சிவப்புக் கரை. தாங்கிடம் போனேன். துண்டைப் போட்டேன். முதலில் அவர் பயந்துவிட்டார், நான் கையை ஒடிக்கப் போகிறேன் என்று. அந்துவான் விளக்கினார். பிறகு பிடித்துக்கொண்டுவிட்டார், பச்சைக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி.

தாங் ஒன்பது என்பார். நான் உள்ளங்கையைச் சுரண்டிவிட்டு, மோவாயால் அந்த மூலையைக் காட்டி, "அங்க எட்டுக்குத் தர்றாரு" என்று அந்துவானை விட்டுக் காதோடு சொல்லச் சொல்வேன். தாங்குக்கு முகம் சிவந்துவிடும். "அவன் பூவுல பாதி காட்டுப்பூ. தின்னா வாந்திதான்" என்று ஏழுக்கு இறங்குவார். உடனே லியாவிடம் போவேன். "அங்க ஆறுக்குத் தர்றாரு." அவர், "அவங்க பூவைக் காய வைக்கிறது கிடையாது, ஈரத்தோட எடை போடுறாங்க" என்று அதற்கும் கீழே இறங்குவார். யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. கேட்டால்தானே நான் சொன்னது பொய் என்று தெரியும்? ஒரு தேசத்துக்கும் இன்னொரு தேசத்துக்கும் இருக்கிற பகையில் நான் நெல் மாதிரி அறுவடை செய்தேன். என்ன முறைக்கிறீங்க? இரண்டு பேர் பேசாமல் இருந்தால் நடுவில் ஒருத்தன் பேச வேண்டாமா? அது ஒரு சேவை.

திருமங்கலம் வந்துவிட்டது. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, ஆட்கள் ஏறட்டும்.

...

தம்பி. மெதுவாகப் பாருங்க. இப்போது ஏறினாரே ஒருத்தர், வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைக் கரைத் துண்டு, வழுக்கை. நமக்கு முன்னால் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பார்த்தீங்களா, நான் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன்தான் சங்கரலிங்கம். அந்தத் தோழர். அவனும் இன்றைக்கு அதே பத்திர ஆபீசுக்குத்தான். அவன் பாதியையும் விற்கிறான்.

ஆமாம், பேசுவதில்லை. ஏன் என்று சொல்லத்தானே போகிறேன். நான் குரலை உயர்த்தவில்லை, பஸ் சத்தம் அப்படி. நான் எப்போதுமே இப்படித்தான் பேசுவேன்.

எங்கே விட்டேன்? ஆங், அறுவடை. அப்படிச் சில பருவம் ஓடியது. சிங்கப்பூர் முதலாளிக்கு என்னைக் கண்டால் தீபாவளி. இங்கே சங்கரலிங்கமும் பஜாரில் மார்தட்டிக்கொண்டான், "எங்க பொன்னுராசு ரெண்டு வல்லரசையும் துண்டுல முடிஞ்சு வச்சிருக்கான்" என்று. வியட்நாம் வல்லரசா என்று யாரோ கேட்டானாம். "அமெரிக்காவ வெரட்டினவன் வல்லரசு இல்லாம பெட்டிக்கடையா?" என்றானாம்.

பிறகு தொண்ணூற்றொன்றாம் வருஷம் வந்தது. உலகத்தில் சிவப்புக் கொடி ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். ரஷ்யாவே ஆடிப்போய்க் கிடந்தது. பெரிய வீடு இடிந்தால் பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள் இல்லையா? பெரியவன் இருக்கிற வரைக்கும், 'அவன் என் பக்கம், உன் பக்கம் யார்?' என்று சண்டை. பெரியவன் போன பிறகு சண்டைக்கு என்ன மரியாதை? அந்துவான் என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார்: "அண்ணே, பெய்ஜிங்குல ரெண்டு பக்கத்துத் தலைவர்களும் கைகுலுக்கிட்டாங்க. பழையபடி உறவாம்."

பிழைப்பு போச்சு என்று ஓடினேன் நூடுல்ஸ் கடைக்கு. போய்ப் பார்த்தால், அப்பாடா! தாங் அதே மூலை. லியாவ் அதே மூலை. அதே முதுகு. தலைவர்கள் கை குலுக்கினால் என்ன, இவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லைச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் போல இருந்தது.

ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. முன்னேயெல்லாம் தாங் அந்த மூலையைப் பற்றிப் பேசினால், நாய் என்பார், திருடன் என்பார். இந்தத் தடவை 'அந்த ஐயா' என்றார். லியாவும் 'அந்த ஐயா' என்றார். அந்துவானைக் கேட்டேன், "என்னய்யா, சகோதரர்னாங்க, நாயின்னாங்க, இப்ப ஐயாங்கிறாங்க?" அவர் சொன்னார், "சகோதரர்னு சொன்னா சொத்துல பங்கு கேப்பான் அண்ணே. நாயின்னா கடிப்பான். ஐயான்னு சொன்னாத்தான் விலை சொல்லுவான்." எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

துண்டைப் போட்டேன். தாங் ஒன்பது. சுரண்டினேன். "அங்க ஏழு." தாங் சிரித்துக்கொண்டே மறுபடி ஒன்பது. சரி, கிழவருக்குக் கிறுக்கு என்று லியாவிடம் போனேன். அவரும் ஒன்பது. "அங்க ஆறுக்கே தர்றாரு" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒன்பது. இங்கே போனால் ஒன்பது, அங்கே போனால் ஒன்பது. நடந்து நடந்து எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். கோபத்தில் ஒரு கிண்ணம் நூடுல்ஸைக் கொண்டுவரச் சொல்லித் தின்றேன், அதில் மிளகாய் அதிகம், கண்ணில் தண்ணீர். முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். துண்டை மேசையிலேயே விட்டுவிட்டேன். வியாபாரி ஆயுதத்தை விட்டுவிட்டுப் போகலாமா? போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், தம்பி, எப்படிச் சொல்ல? இரண்டு பேரும் நடுமேசைக்கு வந்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பது அதே மாதிரிதான், முதுகோடு முதுகு. இவர் வாசலைப் பார்க்கிறார், அவர் சுவரைப் பார்க்கிறார். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. ஆனால் ஆளுக்கு ஒரு கை பின்னால் வந்திருக்கிறது. அந்த இரண்டு கைக்கும் மேலே என் துண்டு! என் சிவப்புக் கரைத் துண்டு! உள்ளே என்னமோ நெளிகிறது. என்ன விலை, என்ன முடிவு, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தெரியாது தம்பி. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது!

கத்தினேன். விருதுநகர் பஜாரில் என்ன கத்துவேனோ அதையெல்லாம் கத்தினேன். அந்துவான், "எதை அண்ணே மொழிபெயர்க்கிறது, எல்லாமே கெட்ட வார்த்தையா இருக்கு" என்றார். "பொதுவாச் சொல்லும்வேய்" என்றேன்.

தாங் கையை எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னார். அந்துவான் தமிழில் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு வாயால பேச வராது. என்னன்னு ஆரம்பிக்கிறது? ரயில் ரோட்டுல இருந்தா, சண்டையில இருந்தா? எதை எடுத்தாலும் யாராவது செத்துப்போனவங்க பேரு வருது. இந்தத் துண்டுக்குள்ள ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. விரலு இருக்கா, அஞ்சும் இருக்கா, அது போதும்." இப்படிச் சொல்லிவிட்டு அந்த மனுஷர் மூக்கை உறிஞ்சினார். லியாவ் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

நான் அதற்கெல்லாம் மயங்குவேனா? "என் துண்டைக் குடுங்கடா" என்றேன். கொடுக்கவில்லை! இது எங்களுக்கு வேண்டும் என்றார்கள். பதிலுக்கு லியாவ் அவர் சங்கத்துத் துண்டு ஒன்று தந்தார். பூப்போட்ட சீனத் துண்டு. குழந்தை வாய் துடைக்கிற அளவு. அதில் ஒரு கைகூட ஒளியாது. விலையும் ஒன்பதுக்கு இம்மி குறையவில்லை. அடுத்த பருவம் நட்பு வாசலைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடுவில் நின்று பேச ஆள் எதற்கு? சிங்கப்பூர் முதலாளியும் நேரே டெலிபோன் போட்டுவிட்டார். நான் வேலை கெட்டு விருதுநகர் வந்தேன். அன்றைக்கு விட்டதுதான். இன்றுவரை தோளில் துண்டு போடுவதில்லை. என் தோளைப் பாருங்க. வெறும் தோள்.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர்கள் அந்நியர்கள். பஜாரில் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து நடந்ததைச் சங்கரலிங்கத்திடம் சொன்னேன். கூடப்பிறக்காத பிறப்பு, ஆறுதல் சொல்வான் என்று. அவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்! கடையில் நாலு வியாபாரி இருக்கிறார்கள். அவர்கள் முன்னால், "அட தோழர், உன் துண்டாலயே உன் கழுத்த இறுக்கிட்டானுவளே!" என்று மூட்டை மேல் விழுந்து புரண்டு சிரித்தான். அன்றைக்கு நின்றது பேச்சு.

என்ன கேட்டீங்க? பீரங்கியால் சுட்டுக்கொண்டவர்களே பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சேர்ந்துவிட்டார்களே என்றா? அது வேறு, இது வேறு. பீரங்கி என்ன பீரங்கி, சுட்டால் காது அடைக்கும், அவ்வளவுதான். இவன் சிரித்தான் தம்பி, சிரித்தான்! அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அங்கே பாருங்க, அவன் தோள் குலுங்குவதை. கள்ளிக்குடிப் பக்கம் ரோடு அப்படி. நம்ம தோள் குலுங்கவில்லையே என்றால்? முன் சீட்டில் ஆட்டம் அதிகமாக இருக்கும். பேசாமல் கேளுங்க.

கிட்டங்கிக்கு இரண்டு பூட்டு. ஒன்று என் பூட்டு, ஒன்று அவன் பூட்டு. இரண்டு பேரும் வந்தால்தான் திறக்கும். இரண்டு பேரும் வரவில்லை. உள்ளே பழைய தராசு தொங்குகிறது, எங்கள் இரண்டு பேர் மூட்டைக் கொக்கியும் ஒரே ஆணியில் மாட்டிக் கிடக்கிறது. எலிகள்தான் கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டு நடத்துகின்றன. நான் ஒருநாளும் விற்க நினைத்ததில்லை. என் முதுகுத் தோல் உரிந்து வாங்கின சுவர் அது. ஆனால் நம்ம கண்ணாயிரம் வந்து சொன்னான். கண்ணாயிரம் என்றால் இடத்து புரோக்கர். தங்கமான பையன். என்னிடமும் வருவான், சங்கரலிங்கத்திடமும் போவான். நாங்கள் பேசுவதில்லை என்பதால் பாவம், அவன்தான் நடுவில் அலைகிறான். அவன் சொன்னான்: "அண்ணாச்சி, சங்கரலிங்கம் அண்ணாச்சி அவரு பாதிய கேட்ட விலைக்கே முடிச்சுட்டாரு. பொன்னுராசு கூட ஒரு சுவரைப் பங்கு போடறதுக்கு வித்துத் தொலைக்கலாம்னு சொன்னாரு. நீங்க இப்ப விட்டா உங்க பாதிய நாய்கூட வாங்காது."

அப்படியா சொன்னான் என்று கேட்டேன். "அப்படியேதான் அண்ணாச்சி, துப்பிக்கிட்டே சொன்னாரு" என்றான்.

அவன் துப்பின விலைக்கு மேல் நான் கேட்டால் எனக்கு மானம் இல்லை என்று ஆகிவிடாதா? அதே விலைக்குச் சரி என்றேன். கண்ணாயிரம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நிற்பான்.

அவனைக் கேட்டீங்களா என்றால் எவனை? சங்கரலிங்கத்தையா? நான் எதற்குக் கேட்க வேண்டும்? கண்ணாயிரம் பொய்யா சொல்வான்? அவனுக்கு அதனால் என்ன லாபம்? நீங்க படித்தவர், பேப்பரை மட்டும் படிங்க. வியாபாரம் உங்களுக்குப் புரியாது.

கடலை தீர்ந்துவிட்டது. அந்தா தெரியுது பாருங்க விருதுநகர்.

எழுந்துவிட்டான். இறங்குவதற்கு இவ்வளவு முன்னாலேயா எழுந்திருப்பது? அவசரக்காரன், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். இல்லை, வாசல் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கம் வருகிறான். தம்பி, நீங்க பேப்பரைப் பாருங்க. நான் வெளியே பார்க்கிறேன். இருக்கிறானா போய்விட்டானா? நிற்கிறானா? என்ன செய்கிறான்?

துண்டை எடுக்கிறானா? தோளிலிருந்தா?

...

அவன் முகத்தைப் பார்க்கவில்லை நான். டிரைவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அது தெரிகிறது. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். மேலே துண்டு. நாலு பேர் பார்க்கிறார்கள். இப்படி நீட்டின கையை விட்டுவிட்டால் பஜார் மரியாதை இல்லை. மரியாதைக்காகத்தான், வேறொன்றும் இல்லை, கொஞ்சம் பேப்பரை ஒதுக்குங்க, என் கைக்கு வழி விடுங்க.

சூடான கை. காய்ப்பு இன்னும் போகவில்லை பயலுக்கு.

பொறுங்க. பேசாதீங்க. அவனுக்குக் கண்ணாயிரம் சொன்ன விலையைச் சொல்கிறான். நான் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்.

...

என்னது? மறுபடி பிடி. மறுபடி பிடிடே!

தம்பி! ஒரே கட்டடம், ஒரே சுவர், இரண்டு விலை! நான் முடித்துவிட்டேன் என்று அவனிடம் ஒரு விலை, அவன் முடித்துவிட்டான் என்று என்னிடம் ஒரு விலை. விலையே பொய்யென்றால் அவன் துப்பினதும் பொய்தான். நான் துப்பினேன் என்று கண்ணாயிரம் அவனிடமும் போய்ச் சொல்லியிருப்பான். சே! கெட்ட பயல்! இரண்டு பேர் மனஸ்தாபத்தில் பேசாமல் இருந்தால், நடுவில் புகுந்து இங்கே ஒன்று அங்கே ஒன்று சொல்லி இப்படியும் ஒருத்தன் பிழைப்பானா? என் ஆயுசில் இப்படி ஒருத்தனைக் கேள்விப்பட்டதில்லை தம்பி, சத்தியமாகக் கேள்விப்பட்டதில்லை! எதற்குச் சிரிக்கிறீங்க? நீங்களும் சிரிக்கிறீங்க, இவனும் சிரிக்கிறான். சிரிடே, சிரி. அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. பல்தான் இரண்டு குறைந்திருக்கிறது.

அந்தா நிற்கிறான் பாருங்க கண்ணாயிரம், ஆட்டோவுக்குப் பக்கத்தில், பூமாலை வாங்கினவன் மாதிரி இளித்துக்கொண்டு. துண்டைப் பார்த்துவிட்டான். முகத்தைப் பாருங்க முகத்தை! பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது என்று சொன்னேனே, பயலுக்குத் தெரிந்துவிட்டது.

நான் இறங்குகிறேன் தம்பி. பத்திர ஆபீசுக்கு இல்லை. கிட்டங்கிக்கு. சாவி என் அரைஞாண் கயிற்றிலேயே இருக்கிறது, அவனும் வைத்திருப்பான், வைத்திருக்காமல் எங்கே போவான்.

கையா? பேசி முடித்துவிட்டீர்களே, இன்னும் ஏன் எடுக்கவில்லை என்றா கேட்கிறீங்க?

விலை இன்னும் படியவில்லை தம்பி. நீங்க பேப்பரைப் படிங்க.